தலைக்குள் நீர் நிறையும் பிறவிக் குறை: குழந்தையிலும் கன்று, குட்டியிலும்

நெற்பயிர் சூல் கொண்டு பூக்கும் தருணத்தில் நீர் தடைப்பட்டால் விளைச்சல் பெரிதும் குறைந்துவிடும். அதற்கு முன்பும் பின்பும் எவ்வளவு நீர் பாய்ச்சினாலும் அந்த இழப்பை ஈடு செய்ய இயலாது. இதனை உழவர் அனைவரும் அறிவர். தாயின் வயிற்றில் வளரும் கருவின் மூளைக்கும் இத்தகைய தருணங்கள் உண்டு. அத்தருணத்தில் மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டாலோ, கிருமி தாக்கினாலோ, உருவாகிக் கொண்டிருந்த பெருமூளை அழிந்து அந்த இடத்தில் நீர் நிறைந்துவிடும். முகம், மண்டை ஓடு, கை, கால் யாவும் முழுமையாக அமைந்திருக்கும். பெருமூளை மட்டும் இராது.

மருத்துவர்கள் இதனை ஹைட்ரனென்செஃபலி என்பர். இக்கட்டுரையில் இதனை நீர்மூளைக் குறை என்று குறிப்பிடுவோம். மனிதரில் இது மிகவும் அரிது. பத்தாயிரம் பிறப்புகளில் ஒன்றுக்கும் குறைவாகவே காணப்படுகிறது. இவ்வளவு அரிதான குறையைப் பற்றி உழவர்கள் ஏன் அறிந்து கொள்ள வேண்டும்? இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவதாக, இக்குறையோடு குழந்தை பிறந்த வீட்டில் பழி பெரும்பாலும் தாயின் மீதே விழுகிறது. இரண்டாவதாக, பார்வைக்கு இதனைப் போலவே தோன்றும் வேறொரு நோய்க்கு நல்ல சிகிச்சை உண்டு. இரண்டையும் ஒன்றெனக் கருதிக் கைவிட்டுவிடக் கூடாது. மூன்றாவதாக, கால்நடைகளில் இக்குறை ஓர் ஆண்டில் பல கன்றுகளையும் குட்டிகளையும் ஒருசேரத் தாக்கக் கூடியது. அங்கு இதனைப் பெருமளவு தடுக்கவும் முடியும்.

குறையின் தன்மை

நம் மூளையைப் பெருமூளை, சிறுமூளை, மூளைத்தண்டு என மூன்று பகுதிகளாகப் பிரித்துக் கொள்ளலாம். சிந்தித்தல், பேசுதல், பார்த்ததை உணர்தல், விரும்பியபடி கை கால்களை அசைத்தல் ஆகியவை பெருமூளையின் வேலைகள். உடல் அசைவுகளைச் சீர்படுத்துவது சிறுமூளை. மூச்சு, இதயத் துடிப்பு, உறக்கம், விழிப்பு, பால் சப்புதல், விழுங்குதல் ஆகியவற்றை நடத்துவது மூளைத்தண்டு.

நீர்மூளைக் குறையில் பெருமூளையின் இரு பாதிகளும் முழுவதுமாகவோ பெரும்பகுதியோ அழிந்து போகின்றன. அவை இருந்த இடத்தில் மெல்லிய சவ்வுப் பை ஒன்றும், அதனுள் தெளிந்த மூளை நீரும் இருக்கும். மூளைத்தண்டும் சிறுமூளையும் பெரும்பாலும் கெடாமல் இருக்கும். மண்டை ஓடும் தோலும் மூடியே இருப்பதால் வெளிப்பார்வைக்கு எந்தக் குறையும் தெரிவதில்லை. மண்டை ஓடே உருவாகாமல் பிறக்கும் குழந்தைகளின் குறை வேறு. இது வேறு. அங்கு மூளை தொடக்கத்திலேயே உருவாகத் தவறிவிடுகிறது. இங்கோ உருவான மூளை பின்னர் அழிந்து போகிறது.

வாய்க்கால் அடைபடுவது போல

பெருமூளை மட்டும் அழிந்து மூளைத்தண்டு தப்புவது எப்படி? இதனைப் பாசன முறையைக் கொண்டு எளிதில் விளங்கிக் கொள்ளலாம்.

மூளைக்கு நான்கு குழாய்கள் இரத்தம் கொண்டு செல்கின்றன. கழுத்தின் முன்புறம் இடமும் வலமுமாக இரண்டு பெரிய தமனிகள் மேலேறுகின்றன. இவை முன் வாய்க்கால்கள். முதுகெலும்பை ஒட்டிப் பின்புறமாக இரண்டு சிறிய தமனிகள் ஏறுகின்றன. இவை பின் வாய்க்கால்கள். பெருமூளை என்னும் பெரிய வயலின் பெரும்பகுதிக்கு முன் வாய்க்கால்களே நீர் தருகின்றன. மூளைத்தண்டு, சிறுமூளை, பெருமூளையின் பின் அடிப்பகுதி ஆகியவற்றிற்குப் பின் வாய்க்கால்கள் பாய்கின்றன.

கருவில் முன் வாய்க்கால்கள் இரண்டும் அடைபட்டால் என்ன ஆகும்? முன் வாய்க்காலை நம்பிய பகுதி அழியும். பின் வாய்க்காலின் பகுதி பிழைக்கும். நீர்மூளைக் குறையுள்ள குழந்தையின் தலையில் காணப்படுவதும் இதுவே. எந்தப் பகுதி அழிந்தது, எந்தப் பகுதி எஞ்சியது என்பதைப் பார்த்தே மருத்துவர்கள் முன் தமனி அடைப்பை இக்குறையின் முதன்மைக் காரணமாகக் கருதுகின்றனர்.

முன்னும் பின்னுமுள்ள வாய்க்கால்களை இணைக்கும் வளையம் ஒன்று மூளையின் அடியில் உண்டு. ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664ஆம் ஆண்டில் இதனை விளக்கியதால் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. ஒரு வாய்க்கால் அடைபட்டால் மற்றொன்றிலிருந்து நீர் திரும்பிப் பாய இவ்வளையம் உதவுகிறது. அப்படியாயின் இங்கு ஏன் உதவவில்லை என்ற ஐயம் எழலாம். வளையத்தை அடையுமிடத்திலோ அதற்கு அப்பாலோ அடைப்பு நேர்ந்தால், வளையத்தில் இரத்தம் இருந்தும் பயன் இல்லை. மடைக்குக் கீழே வாய்க்கால் தூர்ந்து போனால் மடை வரை நீர் வந்தும் வயல் நனையாதது போன்றதே இது.

இது வெறும் ஊகம் அன்று. குரங்குக் கருவின் கழுத்துக் குழாய்களைக் கட்டி அடைத்து, இதே போன்ற மூளை அழிவை ஏற்படுத்திக் காட்டிய சோதனை 1969ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

இவ்வடைப்பு பெரும்பாலும் கருவுற்ற நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதத்திற்குள் நேர்வதாகக் கருதப்படுகிறது. அப்போது கருவின் மூளை மிக மென்மையானது. பெரியவர்களுக்கு மூளையில் இரத்தம் தடைப்பட்டால் அவ்விடத்தில் தழும்பு உண்டாகும். கருவின் மூளைக்குத் தழும்பு உண்டாக்கும் திறன் போதாது. அழிந்த பகுதி கரைந்து உடலால் உறிஞ்சப்பட்டு விடுகிறது. மூளை நீரைச் சுரக்கும் பகுதி மட்டும் தொடர்ந்து வேலை செய்வதால் காலியான இடத்தை நீர் நிரப்புகிறது.

பிற காரணங்கள்

எல்லாக் குழந்தைகளிலும் தமனி அடைப்பு நேரில் காணப்படுவதில்லை. ஆதலால் வேறு சில காரணங்களும் கூறப்படுகின்றன.

1. கருவைத் தாக்கும் தொற்றுகள். பூனையின் மலம், சரியாக வேகாத இறைச்சி ஆகியவற்றின் வழியே பரவும் டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரியும், சைட்டோமெகலோ, ஹெர்ப்பிஸ் வகை வைரசுகளும் இவற்றுள் அடங்கும்.

2. ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்து வளரும் இரட்டையரில் ஒரு கரு இறந்து போதல். அதனால் ஏற்படும் இரத்த ஓட்ட மாறுதல் மற்ற கருவின் மூளையைத் தாக்கலாம்.

3. தாய்க்குக் கடுமையான மூச்சுத் திணறல் ஏற்பட்டுக் கருவுக்குப் பிராணவாயு குறைதல். மூடிய அறையில் கரியடுப்புப் புகை, எஞ்சின் புகை ஆகியவற்றைச் சுவாசிப்பது இத்தகைய கேட்டை விளைவிக்கலாம்.

4. புகைத்தல், கொக்கெய்ன் போன்ற போதைப் பொருள்கள்.

5. மிக அரிதாக, பரம்பரைக் காரணம். மூளையின் நுண் இரத்தக் குழாய்கள் ஒழுங்காக அமையாத ஃபௌலர் நோய் இவ்வகையைச் சேர்ந்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுதுபட்ட மரபணு வந்தால்தான் இந்நோய் தோன்றும். நெருங்கிய உறவில் மணம் புரிந்தவர்களிடையே இதற்கு வாய்ப்பு கூடுதல். இக்காரணம் உறுதியானால் அடுத்தடுத்த ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

பெரும்பாலான குடும்பங்களில் பரம்பரைக் காரணம் இருப்பதில்லை. இக்குறையோடு ஒரு குழந்தை பிறந்த பின், அடுத்த குழந்தை நலமாகவே பிறப்பது வழக்கம். அடுத்த கருவுக்கு முன் மரபியல் ஆலோசனை பெறுவது நல்லது.

பழிக்கு இடமில்லை

கிரகண நேரத்தில் வெளியே வந்தாள், அரிவாளைத் தொட்டாள், சாபம் பட்டது, ஜாதகத்தில் தோஷம் என்றெல்லாம் கூறித் தாயைக் குறை சொல்வதை இன்றும் கேட்கிறோம். கிரகணத்திற்கும் இக்குறைக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. வயலில் நாற்று நட்டதாலோ, களை எடுத்ததாலோ இக்குறை வருவதில்லை. வெளியே தெரியாமல், வலி இல்லாமல், தாய் அறியாமலே கருவினுள் நிகழ்ந்து முடிந்துவிடும் நிகழ்ச்சி இது. எவ்வளவு கவனமாக இருந்த தாய்க்கும் நேரலாம். பெரும்பாலான குழந்தைகளில் மருத்துவர்களாலும் குறிப்பிட்ட ஒரு காரணத்தைச் சுட்டிக் காட்ட முடிவதில்லை.

கணவரும் மாமியாரும் பிற பெரியவர்களும் இதனை உணர்ந்து நடக்க வேண்டும். இக்குழந்தையை இரவு பகலாகப் பார்த்துக் கொள்ளப் போகிறவள் அந்தத் தாய்தான். அவளுக்குப் பழி அன்று, துணையே வேண்டும்.

கருவிலேயே அறிதல்

கருவுற்ற பெண்களுக்கு 18 முதல் 20 வாரங்களுக்குள் எடுக்கப்படும் ஸ்கேன், குழந்தையின் உறுப்புகள் சரியாக அமைந்துள்ளனவா என்று பார்ப்பதற்கு உரியது. நடவு, அறுவடை என்று வேலை நெருக்கடி இருந்தாலும் இந்த ஸ்கேனைத் தள்ளிப் போடக் கூடாது. பெருமூளை இருக்க வேண்டிய இடத்தில் நீர் மட்டும் இருப்பது ஸ்கேனில் தெரியும். அடைப்பு இதற்குப் பின்னரும் நேரலாம் என்பதால், பின் மாதங்களில் மருத்துவர் கூறும் ஸ்கேனையும் எடுத்துக் கொள்ள வேண்டும்.

கருவில் கடுங்குறை இருப்பது தெரிந்தால் பெற்றோர் என்ன செய்வது? கருக்கலைப்புச் சட்டம் 2021ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. அதன்படி, கருவில் பெருங்குறை உள்ளதென்று அரசு அமைத்த மருத்துவக் குழு உறுதி செய்தால், 24 வாரங்களைக் கடந்த பின்னும் கருவை நீக்கச் சட்டம் இடம் தருகிறது. கருவைத் தொடர்வதா, நீக்குவதா என்பது அந்தப் பெண் முடிவு செய்ய வேண்டியது. எவரும் வற்புறுத்தலாகாது. பதிவு பெறாத இடங்களிலோ நாட்டு மருந்து மூலமோ கருவை நீக்க முயல்வது உயிருக்கே ஆபத்தாகும்.

கருவுறும் முன்பும், கருவுற்ற முதல் மூன்று மாதங்களிலும் போலிக் அமில மாத்திரை உட்கொள்வது மண்டை ஓடு மூடாமை, முதுகுத்தண்டுப் பிளவு போன்ற குறைகளைப் பெரிதும் குறைக்கும். நீர்மூளைக் குறையை அது தடுக்காது. ஆயினும் அம்மாத்திரையைத் தவறாமல் உட்கொள்ள வேண்டும்.

பிறந்தபின் தோன்றும் அறிகுறிகள்

இக்குறையுள்ள குழந்தை பிறந்தவுடன் மற்றக் குழந்தைகளைப் போலவே அழும், பால் குடிக்கும், உறங்கும், கையில் விரலை வைத்தால் பற்றிக் கொள்ளும். இவை யாவும் மூளைத்தண்டின் வேலைகள் என்பதே இதற்குக் காரணம். தலையின் அளவும் பல குழந்தைகளில் சரியாகவே இருக்கும். ஆகவே வீட்டார்க்கு ஐயம் தோன்றுவதில்லை.

சில வாரங்கள் கழித்துக் கீழ்க்கண்ட அறிகுறிகள் ஒவ்வொன்றாகத் தோன்றும்.

1. காரணமின்றி ஓயாத அழுகை.
2. கை கால்கள் விறைத்துக் கொள்ளுதல்.
3. வலிப்பு.
4. முகத்தையோ விளக்கையோ கண்கள் தொடராமை.
5. கழுத்து நிற்காமை, குப்புற விழாமை.
6. தலை வேகமாகப் பெருத்தல், உச்சிக்குழி புடைத்தல்.

பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு பொதுவாக 34 அல்லது 35 செ.மீ. இருக்கும். முதல் மூன்று மாதங்களில் மாதம் ஒன்றுக்குச் சுமார் 2 செ.மீ. கூடும். இதைவிட மிக வேகமாகக் கூடினால் கவனிக்க வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர் நாடாவால் அளக்கும்போது அந்த அளவைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள்.

இருட்டறையில் தலையின் மீது டார்ச் விளக்கை வைத்தால், உள்ளே நீர் மட்டும் இருப்பதால் தலை செந்நிறமாக ஒளிர்வதுண்டு. மருத்துவர்கள் கையாளும் பழைய முறை இது. இதனை வீட்டில் செய்து பார்த்து நீங்களே முடிவு செய்யலாகாது. ஏனெனில் சிகிச்சைக்கு உரிய வேறொரு நோயிலும் தலை இவ்வாறு ஒளிரலாம்.

தலைநீர்க்கோர்வை வேறு

அந்த வேறொரு நோய், தலைநீர்க்கோர்வை. இதில் மூளை நீர் வெளியேற வழியின்றி உள்ளே தேங்கி, பெருமூளையை மண்டை ஓட்டின் பக்கம் நெருக்கித் தள்ளுகிறது. மூளை தகடு போல மெலிந்திருக்கும். ஆனால் அது அழிந்து விடவில்லை. வடிகால் இல்லாமல் நீர் தேங்கிய வயலில் பயிர் மூழ்கிக் கிடப்பதைப் போன்ற நிலை இது. உரிய காலத்தில் வடித்துவிட்டால் பயிர் நிமிர்கிறது அல்லவா? அதே போல, மெல்லிய குழாய் ஒன்றை வைத்து நீரை வயிற்றுக்குள் வடித்துவிடும் அறுவை சிகிச்சையால் இக்குழந்தைகளில் பலர் நன்கு வளர்ந்து பள்ளிக்கும் செல்கின்றனர்.

வெளியே பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூலமே மெலிந்த மூளை சுற்றிலும் இருக்கிறதா, இல்லையா என்று தெளிவாகத் தெரியும். ஆகவே தலை பெருத்த குழந்தையைக் கண்டவுடன், இது பிழைக்காது என்று உள்ளூரில் யார் கூறினாலும் கேட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. நாள் கடந்தால் தலைநீர்க்கோர்வையில் உள்ள மூளையும் கெட்டுவிடும். தாமதமின்றி மாவட்ட அரசு மருத்துவமனைக்கோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டு செல்ல வேண்டும்.

பராமரிப்பு

நீர்மூளைக் குறை என்று உறுதியானால், இழந்த மூளையை மீண்டும் வளரச் செய்யும் மருந்து எதுவும் இல்லை. அத்தகைய மருந்து உண்டென்று கூறிப் பணம் பறிப்பவர்களை நம்பி நிலத்தையும் நகையையும் அடகு வைக்க வேண்டாம். தலை மிகவும் பெருத்து வந்தால் நீரை வடிக்கும் அறுவை செய்யப்படலாம். அது குழந்தையின் வேதனையைக் குறைப்பதற்கும், தூக்கிப் பராமரிப்பதை எளிதாக்குவதற்குமே உதவும்.

இக்குழந்தைகளில் பலர் முதல் ஆண்டிற்குள்ளேயே இறந்து விடுகின்றனர். சிலர் பல ஆண்டுகள் வாழ்கின்றனர். இருபது வயதைக் கடந்தவர்களும் மிகச் சிலர் உண்டு. இருக்கும் காலம் வரை துன்பம் இல்லாமல் வைத்திருப்பதே நாம் செய்யக் கூடியது. அதற்கான முறைகளாவன:

1. தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, சிறிது சிறிதாகப் பல முறை பால் புகட்ட வேண்டும். படுக்க வைத்துப் புகட்டினால் பால் மூச்சுக் குழலில் இறங்கிவிடும்.

2. வலிப்பு மருந்தை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

3. இக்குழந்தைகளின் உடல் வெப்பம் எளிதில் ஏறி இறங்கும். குளிரில் போர்த்தியும் வெயிலில் துணி தளர்த்தியும் வைக்க வேண்டும்.

4. இரண்டு மணிக்கு ஒரு முறை படுக்கும் பக்கத்தை மாற்ற வேண்டும். கை கால்களை மெல்ல நீட்டி மடக்கும் பயிற்சியை இயன்முறை மருத்துவரிடம் கற்றுக் கொள்ளலாம்.

5. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பதிவு செய்து அடையாள அட்டையும், தகுதிக்கு ஏற்ப மாதாந்தரப் பராமரிப்பு உதவித்தொகையும் பெறலாம்.

இக்குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று பலர் கூறுவர். இதனைப் பற்றி ஓர் ஆய்வுச் செய்தி உண்டு. சுவீடன் நாட்டு நரம்பியல் ஆய்வாளர் பியோர்ன் மெர்க்கர், 2004ஆம் ஆண்டு அக்டோபரில் இத்தகைய குழந்தைகளை உடைய ஐந்து குடும்பங்களுடன் ஒரு வாரம் தங்கி, அக்குழந்தைகளைக் கவனித்தார். பழகிய குரலைக் கேட்டுச் சிரிப்பதையும், சிலரிடம் மட்டும் அதிக விருப்பம் காட்டுவதையும், இசைக்கு மகிழ்வதையும் கண்டு 2007இல் எழுதினார். எஞ்சியிருக்கும் மூளைத்தண்டே இவ்வளவு உணர்வையும் தரக் கூடும் என்பது அவர் கருத்து. ஆகவே குழந்தையிடம் பேசுங்கள். பாடுங்கள். தாலாட்டை நிறுத்த வேண்டாம்.

கன்றுகளிலும் குட்டிகளிலும்

இனித் தொழுவத்திற்கு வருவோம். கன்று ஈன்றபின் எழுந்து நிற்கிறது. ஆனால் மடியைத் தேடவில்லை. காம்பை வாயில் வைத்தாலும் சப்பத் தெரியவில்லை. சுவரில் முட்டிக் கொண்டு நிற்கிறது, வட்டமிடுகிறது, கண் தெரியாதது போல் நடக்கிறது. இத்தகைய கன்றின் மண்டையைத் திறந்து பார்த்தால் பெருமூளைக்குப் பதில் நீர் இருப்பதுண்டு.

கால்நடைகளில் இதற்கு முதன்மைக் காரணம் குழாய் அடைப்பு அன்று. வைரஸ் கிருமிகளே. கியூலிக்காய்டஸ் என்னும் கடிபூச்சி இவற்றைப் பரப்புகிறது. இது கொசுவை விடச் சிறியது. 1 முதல் 3 மி.மீ. நீளமே உடையது. கிருமி தாயின் இரத்தத்தின் வழியே கருவை அடைந்து, மூளையாக வளர வேண்டிய இளம் செல்களை அழிக்கிறது. எஞ்சிய இடத்தை நீர் நிரப்புகிறது. காரணம் வேறாயினும் விளைவு ஒன்றே.

1959ஆம் ஆண்டில் ஜப்பானில் அகபானே என்ற சிற்றூரில் பிடித்த கொசுக்களிலிருந்து ஒரு வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. 1972 முதல் 1975 வரை அந்நாட்டில் 42,000க்கும் மேற்பட்ட கன்றுகள் கருச்சிதைந்தோ, குறையுடனோ பிறந்தன. இவற்றிற்கு அந்த அகபானே வைரசே காரணம் எனப் பின்னர் தெளிவாயிற்று. தாய்ப் பசுக்களிடம் நோயின் அறிகுறி எதுவும் தோன்றவில்லை. ஐரோப்பாவில் 2006ஆம் ஆண்டு ஆகஸ்டில் நெதர்லாந்தில் தொடங்கிய நீலநாக்கு நோயின்போதும், 2011இல் ஜெர்மனியில் கண்டறியப்பட்ட ஷ்மாலன்பெர்க் வைரஸ் பரவியபோதும் நீர் நிறைந்த தலையுடன் கன்றுகளும் குட்டிகளும் பிறந்தன.

நீலநாக்கு நோய் நமக்குப் புதிதன்று. நம் நாட்டில் 1964ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. தமிழ்நாட்டில் 1997-98இல் செம்மறி ஆடுகளிடையே பெருமளவில் பரவிக் கடும் இழப்பை உண்டாக்கியது. காய்ச்சல், வாய்ப்புண், முகவீக்கம், நொண்டுதல் ஆகியவை இதன் அறிகுறிகள் என்பதை ஆடு வளர்ப்போர் அறிவர். சினை ஆட்டைத் தாக்கும்போது கருவும் கெடலாம் என்பதைப் பலர் அறிவதில்லை.

இங்கும் தருணமே முக்கியம். செம்மறி ஆட்டின் சினைக்காலம் சுமார் 150 நாட்கள். வீரியம் குறைக்கப்பட்ட நீலநாக்குக் கிருமியைக் கருவில் செலுத்திப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்றின் முடிவுகள் 1971இல் வெளியாயின. 50 முதல் 58 நாட்களில் கிருமி தாக்கிய கருக்களில் பெருமூளை முற்றிலும் அழிந்து நீர் நிறைந்தது. 75 முதல் 78 நாட்களில் தாக்கியவற்றில் மூளையில் ஆங்காங்கே குழிகள் மட்டும் உண்டாயின. 100ஆம் நாளில் தாக்கியவற்றில் சிறு அழற்சி மட்டுமே காணப்பட்டது. பசுக்களில் அகபானே வைரஸ் சினையின் மூன்றாம், நான்காம் மாதங்களில் தாக்கினால் நீர்மூளைக் குறையும், அதற்குப் பின் தாக்கினால் கால் மூட்டுகள் மடங்கி இறுகிப் போதலும் உண்டாகின்றன.

கடைப்பிடிக்க வேண்டிய முறைகள்

1. செம்மறி ஆடுகளுக்கு நீலநாக்கு நோய்த் தடுப்பூசியை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே, கூடுமான வரை இனச்சேர்க்கைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பங்களிப்புடன் உருவான தடுப்பூசி, ஐந்து வகை நீலநாக்கு வைரசுகளுக்கு எதிரானது. செயலிழக்கச் செய்த கிருமியால் ஆனது. போடும் அளவையும் காலத்தையும் கால்நடை உதவி மருத்துவரிடம் கேட்டு அறிந்து கொள்ளவும்.

2. எந்த நோய்க்கான தடுப்பூசியாயினும், ஆடு சினையாக இருப்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 1950களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், உயிருள்ள நீலநாக்குத் தடுப்பூசியைச் சினையின் ஐந்து, ஆறாம் வாரங்களில் போட்டதால் குறையுள்ள குட்டிகள் பிறந்தன.

3. கடிபூச்சிகள் ஈரச் சேற்றிலும் சாணத்திலும் பெருகுகின்றன. பட்டியைச் சுற்றி நீர் தேங்காமல் வடிகால் அமைக்கவும். சாணத்தையும் புழுக்கையையும் அன்றாடம் அகற்றி, எருக்குழியில் இட்டு மண்ணால் மூடவும்.

4. இப்பூச்சிகள் மாலை மங்கியது முதல் விடியும் வரை அதிகம் கடிக்கும். மழைக்காலத்தில் சினை ஆடுகளை இருட்டும் முன் மேட்டுப்பாங்கான, உலர்ந்த கொட்டகையில் அடைக்கவும். வேப்பிலைப் புகை போடுவது பூச்சிகளைச் சற்று விலக்கும். புகை உள்ளேயே சூழ்ந்து நிற்காதபடி காற்றோட்டம் இருக்க வேண்டும்.

5. கிடா சேர்த்த நாளைக் குறித்து வைக்கவும். குறையுள்ள குட்டி பிறந்தால், எந்த வாரத்தில் கிருமி தாக்கியது என்று கணக்கிட இது உதவும்.

6. குறையுள்ள கன்றோ குட்டியோ பிறந்தால், சீம்பால் புகட்டும் முன் கால்நடை உதவி மருத்துவருக்குச் செய்தி அனுப்பவும். ஆடு மாடுகளில் தாயின் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குச் செல்வதில்லை, சீம்பால் வழியேதான் செல்கின்றன. ஆதலால் சீம்பால் குடிக்காத கன்றின் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருந்தால், அது வயிற்றிலேயே கிருமியால் தாக்கப்பட்டது என்று உறுதியாகும். நலமான கன்றுகளுக்கு இதன் பொருட்டுச் சீம்பாலை நிறுத்தி வைக்கக் கூடாது.

7. கருவுற்ற பெண்கள் கருச்சிதைந்த ஆட்டையோ நஞ்சுக்கொடியையோ வெறுங்கையால் தொட வேண்டாம். நீலநாக்கு, அகபானே வைரசுகளால் மனிதருக்கு நோய் வருவதில்லை. ஆனால் டாக்சோபிளாஸ்மா போன்ற வேறு கிருமிகள் அதில் இருக்கக் கூடும். பூனை மலம் உள்ள மண்ணைக் கிளறிய பின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். இறைச்சியை நன்கு வேக வைத்தே உண்ண வேண்டும்.

குறையுள்ள கன்றை ஈன்ற பசுவை ராசியில்லாதது என்று அடிமாட்டு விலைக்கு விற்றுவிடுவோர் உண்டு. இது தேவையற்ற இழப்பு. ஒரு முறை கிருமி தாக்கிய பசு, அந்த வகைக் கிருமிக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடுகிறது. வேறு கோளாறு இல்லை என்று மருத்துவர் கூறினால் அடுத்த சினைக்கு விடலாம். நல்ல கன்றை எதிர்பார்க்கலாம்.

குறையின் காரணத்தை அறிந்தவர் வீண் பழி சுமத்துவதில்லை, வீண் செலவும் செய்வதில்லை. உங்கள் வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் ஸ்கேன் எடுக்க வேண்டிய வாரத்தைக் கணக்கிட்டு இன்றே குறித்து வையுங்கள். பட்டியில் செம்மறி ஆடுகள் இருந்தால் இந்த ஆண்டு நீலநாக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள். இல்லையெனில் மழைக்கு முன்பே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகிப் பயன் பெறுங்கள்.